தரவு வேலைக்கு ஆயத்தமாகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மாரிக்குப் பிறகு செங்கலடியிலிருந்து ஒரு தங்கச்சி பென் டிரைவ் ஒன்றோடு என்னிடம் வந்தார். உயர்தரம் முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் தரவு உள்ளீட்டு வேலைக்கு மூன்று மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். பென் டிரைவில் இருந்தது வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியல், 412 நிரைகள். "அண்ணா, மொத்தம் எத்தனை குடும்பம் எண்டு கேக்கிறாங்க. ஒவ்வொரு தரமும் எண்ணேக்க வேற வேற விடை வருது" என்றார். ஏஐயிடமும் கேட்டிருக்கிறார். அது 398 என்று சொல்லி, வடிவான ஒரு பந்தி அறிக்கையும் எழுதிக் கொடுத்திருந்தது.

இரண்டு பின்னேரம் உட்கார்ந்து பட்டியலைத் துப்புரவாக்கினோம். உண்மையான எண்ணிக்கை 371. ஒரே ஆள் பழைய அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு தரமும் புதிய இலக்கத்தோடு இன்னொரு தரமும் பதிவாகியிருந்தார். களுவாஞ்சிகுடி, களுவாஞ்சிக்குடி என்று ஒரே ஊர் இரண்டு ஊராகியிருந்தது. ஒரே குடும்பத்தில் தாய் ஒரு நிரையிலும் மகன் இன்னொரு நிரையிலும் இருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. எங்கள் ஊரும், எங்கள் ஆட்களின் பெயர்களும், எக்செலில் ஐந்தாறு விஷயங்களும் தெரிந்திருந்தால் போதுமாக இருந்தது.

இந்தக் கட்டுரையை அந்தப் பட்டியலை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு வேலை கேட்கும் இடங்களில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அலுவலக வேலையின் முதல் கதவு தட்டச்சு. படிவத்தைப் பார்த்துக் கணினியில் அடிப்பதுதான் வேலை. அந்தக் கதவு ஒடுங்கிக்கொண்டு வருகிறது. அடித்துக் கொடுப்பதை இப்போது கருவியே பாதி செய்கிறது. அடித்ததில் எது பிழை, அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஆளைத்தான் இனித் தேடுவார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆளாக நீங்கள் ஆவதற்கு என்ன செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவது: தரவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

"தரவு" என்றவுடன் கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நடக்கும் வேலை என்று நினைக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வைத்திருக்கும் பயனாளிகள் பட்டியல் தரவு. சம்மாந்துறை அரிசி ஆலையில் நெல் வரவுக் கொப்பி தரவு. மருதமுனையில் கைத்தறிச் சாரன் எந்த நிறத்தில் எத்தனை போனது என்ற கணக்கும், அறுகம்பையில் சீசனுக்கு எத்தனை அறை நிரம்பியது என்ற பதிவும், வைத்தியசாலை கிளினிக் வருகைப் பதிவும் எல்லாம் தரவுதான். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் "கொஞ்சம் கணினி தெரிந்த பிள்ளை" ஒருவருக்கு வேலை இருக்கிறது. பதவியின் பெயரில் தரவு என்ற சொல் இருக்காது, அவ்வளவுதான். கணக்கு உதவியாளர், கள உத்தியோகத்தர், கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு உதவியாளர், முன்பதிவு எழுதுநர் என்று இருக்கும்.

ஆகவே முதல் வாரம் எந்தப் பாடநெறிக்கும் காசு கட்டாதீர்கள். வீட்டிலோ பக்கத்திலோ ஒரு கொப்பியைத் தேடுங்கள். கடைக் கடன் கொப்பி, அப்பாவின் வயல் செலவுக் கொப்பி, சங்கத்தின் சந்தாக் கொப்பி, எது கிடைத்தாலும் சரி. இனிச் சொல்லும் ஒவ்வொரு படியையும் அந்தக் கொப்பியில் செய்து பாருங்கள்.

இரண்டாவது: பாமினியிலிருந்து வெளியே வாருங்கள்

இதை ஒரு படியாக யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய தடை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகங்களில் தமிழ் அடிக்கப் பழகிய பலர் பாமினி எழுத்துருவில்தான் பழகினார்கள். அச்சடிக்க அது நன்றாக உதவியது. ஆனால் பாமினியில் நீங்கள் "அம்மா" என்று அடிக்கும்போது கணினிக்குள் போவது தமிழ் அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் உள்ளே இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பட்டியல் முழுக்கக் குழம்பிய ஆங்கிலமாகத் தெரியும். கைபேசியில் தேடினால் பெயர் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் ஆங்கிலக் குறிகளின் வரிசையில் போய் நிற்கும். ஏஐக்குக் கொடுத்தால் அது தமிழ் என்றே விளங்காமல் எதையாவது ஊகித்துச் சொல்லும்.

யூனிகோடில் அடித்த தமிழ் எந்தக் கணினியிலும், எந்தக் கைபேசியிலும் தமிழாகவே இருக்கும். நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் யூனிகோட்தான். பாமினி விசை அமைப்பு விரலில் ஊறிப்போனவர்கள் அதை மறக்கத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட் தமிழ் அடிக்கலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் தமிழ் 99 அல்லது உச்சரிப்பு முறை, எது கைக்கு வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய பாமினிக் கோப்பு கையில் வந்தால் மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி இலக்கமோ உள்ள பட்டியலை முழுதாக இணையத்தில் ஒட்டி மாற்றாதீர்கள். பெயர் நிரலை மட்டும் தனியாக எடுத்து மாற்றி, திரும்பக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

தமிழ் உள்ள விரிதாளைச் சிஎஸ்வி (தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய கோப்பு வகை) ஆகச் சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற தெரிவைத் தேருங்கள். மற்றதைத் தேர்ந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

மூன்றாவது: அட்டவணையை ஒழுங்காக அமைக்கப் பழகுங்கள்

எக்செல் உங்களிடம் இல்லாவிட்டால் கூகுள் ஷீட்ஸ் இலவசம், லிப்ரே ஆபிஸ் இலவசம். முதல் மாதத்துக்கு மூன்றும் ஒன்றுதான்.

ஒரு நிரையில் ஓர் ஆள் அல்லது ஒரு நிகழ்வு. ஒரு நிரலில் ஒரே வகைத் தகவல். முதல் நிரையில் தலைப்பு. கட்டங்களை ஒன்றாக இணைக்க வேண்டாம், நடுவில் வெற்று நிரை விட வேண்டாம், நிறம் பூசி அர்த்தம் சொல்ல வேண்டாம். "சிவப்பில் இருப்பது காசு கட்டாதவர்" என்பது உங்களுக்குத் தெரியும், சூத்திரத்துக்குத் தெரியாது. அதற்கென்று ஒரு நிரல் திறந்து "கட்டினார்", "கட்டவில்லை" என்று எழுதுங்கள்.

இனி, எங்கள் ஊர்த் தரவில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள். இவற்றைப் பாடநெறிகளில் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை.

தொலைபேசி இலக்கம்: மட்டக்களப்புக்கு 065, கல்முனைக்கு 067, அம்பாறைக்கு 063. எக்செல் இவற்றை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூச்சியத்தை விழுத்திவிடும். அடிக்க முன்பே அந்த நிரலை "டெக்ஸ்ட்" ஆக்கிவிடுங்கள்.

அடையாள அட்டை: பழையதில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வருவது 12 இலக்கம். 12 இலக்கத்தை வெறும் எண்ணாக அடித்தால் எக்செல் அதைச் சுருக்கி, நடுவில் ஒரு ஆங்கில எழுத்தைப் போட்டுக் காட்டும். ஆகவே இதுவும் டெக்ஸ்ட். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்ற ஒரு வழி இருக்கிறது: முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்தையும் எழுதுங்கள், ஒரு 0 போடுங்கள், மிச்சம் நான்கையும் எழுதுங்கள், கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். 12 வரும். செங்கலடித் தங்கச்சியின் பட்டியலில் எல்லாவற்றையும் இப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் இரட்டைப் பதிவுகள் வெளியே வந்தன.

பெயர்: முகம்மது, முஹம்மத், மொஹமட், வெறும் "மு." எல்லாம் ஒருவரே ஆகலாம். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் வரும். பெயரை வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு இலக்கம் கொடுங்கள்.

ஊர்: கையால் அடிக்க விடாதீர்கள். டேட்டா வலிடேஷன் என்ற வசதியில் ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் போட்டுவைத்தால், அடிக்கிறவர் அதிலிருந்து தெரிவு செய்யத்தான் முடியும். களுவாஞ்சிகுடி ஒன்றே ஒன்றாக இருக்கும்.

அளவு: இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் பார்த்தால் பிழை போலவே தெரியாது. விவசாயி ஏக்கரில் சொல்வார், திணைக்கள அறிக்கை ஹெக்டேயரில் இருக்கும். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர். இரண்டும் ஒரே நிரலில் கலந்தால் உங்கள் விளைச்சல் கணக்கு இரண்டரை மடங்கு பிழைக்கும். நெல்லை ஒருவர் மூட்டையில் சொல்வார், ஒருவர் புசலில், வயதானவர்கள் அவணத்தில், ஆலைக்காரர் கிலோவில். மூட்டை என்றால் எத்தனை கிலோ மூட்டை என்று கேளுங்கள். அளவுக்கு ஒரு நிரல், அலகுக்கு ஒரு நிரல் என்று பிரித்து எழுதி, பிறகு எல்லாவற்றையும் கிலோவாக்கி மூன்றாவது நிரலில் போடுங்கள். பெரும்போகமா சிறுபோகமா என்பதற்கும் ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். இரண்டு போகத்தையும் சேர்த்துக் கூட்டிய எண்ணால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை.

திகதி: 03/04 என்றால் ஏப்ரல் 3 என்று எங்களுக்குத் தெரியும். கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அதற்கு அது மார்ச் 4. ஆண்டு முதலில், மாதம் நடுவில், நாள் கடைசியில் என்று 2025-04-03 போல எழுதினால் குழப்பமில்லை.

நான்காவது: ஐந்து வேலைகளைக் கை மறக்காதபடி பழகுங்கள்

வடிகட்டல், வரிசைப்படுத்தல், இரட்டைப் பதிவு தேடல், நிபந்தனையோடு கூட்டல், பிவட் டேபிள் (பெரிய பட்டியலை வகைவாரியாகச் சுருக்கிக் காட்டும் அட்டவணை). இந்த ஐந்தும் வந்தால் நான் பார்த்த அலுவலக வேலைகளில் பெரும்பகுதி வந்த மாதிரித்தான். கூட்டலுக்குச் சம்இஃப்ஸ், எண்ணுவதற்குக் கவுன்ட்இஃப்ஸ், இரண்டு பட்டியலைப் பொருத்துவதற்கு எக்ஸ்லுக்கப் அல்லது விலுக்கப். சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் தேவையில்லாத வெற்றிடத்தை நீக்க ட்ரிம். இவற்றுக்குத் தமிழில் யூரியூப் காணொளிகள் தாராளமாக இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்று என்று உங்கள் கொப்பித் தரவில் செய்து பாருங்கள். பார்த்துக்கொண்டு இருந்தால் வராது, செய்தால்தான் வரும்.

ஐந்தாவது: களத்தில் தரவு சேர்க்கப் பழகுங்கள்

தொண்டு நிறுவனங்களில் கடதாசிப் படிவத்தின் இடத்தைக் கைபேசிப் படிவம் பிடித்து வருகிறது. கோபோ டூல்பொக்ஸ் என்ற இலவசக் கருவியைப் பழகுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் கைபேசியில் பதிவு செய்து, பிறகு இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பலாம். வாகரைப் பக்கமோ குடும்பிமலைப் பக்கமோ போகிறவர்களுக்கு இது எவ்வளவு உதவி என்று சொல்லத் தேவையில்லை. கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே படிவத்தில் வைக்கலாம்.

இங்கே உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் கேள்விக்கொத்தின் தமிழ் பல நேரம் எங்கள் ஆட்களுக்கு விளங்காது. "உங்கள் வீட்டுத்துறையின் பிரதான வருமான மூலம் யாது?" என்று கேட்டால் வாழைச்சேனையில் மீன்பிடிக்கிறவர் என்ன சொல்வார்? "வீட்டுச் செலவுக்குக் காசு எதிலிருந்து வருது?" என்று கேட்டால் உடனே சொல்வார். கேள்வி பிழைத்தால் பதில் பிழைக்கும், அதற்குப் பிறகு எந்த ஏஐயும் அதைத் திருத்தாது. கேள்வியை எங்கள் பேச்சுக்கு மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவர் என்று பெயர் எடுங்கள்.

ஆறாவது: இப்போது ஏஐயிடம் போங்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட், எதுவானாலும் ஒன்றை எடுங்கள். இலவசப் பதிப்பு போதும். அது எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது: ஏராளமான எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் என்ன சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதும் கருவி அது. அதனால் வசனம் நன்றாக வரும். தெரியாததையும் தெரிந்த மாதிரியே எழுதும். 412 நிரையை ஒட்டி "எத்தனை குடும்பம்" என்று கேட்டபோது 398 என்று சொன்னது அப்படித்தான்.

அதனால் என் முதல் ஆலோசனை: விடையைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள். "கூட்டித் தா" என்று கேட்க வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: "எக்செலில் பி நிரலில் ஊர், டி நிரலில் நெல் கிலோ, ஈ நிரலில் போகம் இருக்கிறது. ஊர் வாரியாகப் பெரும்போகத்துக்கு மட்டும் கூட்டுத்தொகை வேண்டும். சூத்திரம் தந்து, அதன் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று விளக்கு." சூத்திரம் கிடைத்தால் கணக்கை எக்செல் செய்யும். நீங்கள் மூன்று ஊருக்குக் கையால் கூட்டிச் சரிபார்க்கலாம்.

சரிபார்ப்பது ஏன் முக்கியம் என்று ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். இதை நான் பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் செய்து காட்டுவது வழக்கம்.

அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டுக்குப் பின் வரும் மூன்று இலக்கம், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்கிறது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே 623 என்று இருந்தால் பெண், நாள் எண் 123. ஏஐயிடம் கேட்டால் ஆண்டின் முதல் நாளிலிருந்து எண்ணும் சூத்திரம் ஒன்றைத் தரும். 1985ஆம் ஆண்டு, நாள் எண் 123 என்று போட்டால் விடை மே 3. அந்தப் பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் மே 2 என்று இருக்கும். ஏன்? அடையாள அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள். 1985 நெட்டாண்டு அல்ல, அதனால் மார்ச் முதல் ஒரு நாள் பிசகும். சூத்திரத்தில் பிழையில்லை, எங்கள் நாட்டு வழக்கம் அதற்குச் சொல்லப்படவில்லை. அதைச் சொல்லிக் கேட்டால் சரியான சூத்திரம் தரும். ஆனால் சொல்வதற்கு முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த ஆட்கள் நான்கு பேரின் திகதியைப் போட்டுப் பார்த்தால்தான் அந்தப் பிசகு கண்ணில் படும்.

தமிழில் எழுதச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். ஏஐ படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழாக இருக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டச் செயலாளரை மாவட்ட ஆட்சியர் ஆக்கிவிடும். கிராம உத்தியோகத்தர் கிராம நிர்வாக அலுவலர் ஆவார், வைத்தியசாலை மருத்துவமனை ஆகும், பிரதேச சபை ஊராட்சி ஆகும். அப்படியொரு கடிதத்தை மண்முனைப் பற்றுப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினால் வாசிக்கிறவர் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார். எங்கள் நிருவாகச் சொற்களின் சிறு பட்டியல் ஒன்றைச் செய்து, ஒவ்வொரு முறையும் கேள்வியோடு சேர்த்துக் கொடுங்கள். "இலங்கை அரச அலுவலக வழக்கில் எழுது, இந்தச் சொற்களைப் பயன்படுத்து" என்று சொன்னால் நிறையத் திருந்தும்.

கையெழுத்துப் படிவத்தைப் படம் எடுத்துக் கொடுத்து அட்டவணையாக்கச் சொல்லலாம். அச்செழுத்தில் நன்றாக வரும். தமிழ்க் கையெழுத்தில், அதுவும் 1ஐயும் 7ஐயும் ஒன்றுபோல எழுதுகிறவர்களின் படிவத்தில், நம்ப முடியாது. ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு பார்த்தே ஆக வேண்டும்.

ஏழாவது: ஆட்களின் விபரத்தை ஏஐயில் ஒட்டாதீர்கள்

செங்கலடித் தங்கச்சி முழுப் பட்டியலையும், பெயர், அடையாள அட்டை, தொலைபேசி எல்லாவற்றோடும், ஏஐயில் ஒட்டியிருந்தார். வேலை தெரியாததால் செய்தார், அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

எங்கள் மாவட்டங்களில் ஒரு பட்டியல் வெறும் பட்டியல் அல்ல. யுத்தத்தில் கணவனை இழந்தவர், காணாமல் போனவரைத் தேடுகிறவர், நுண்கடன் கட்ட முடியாமல் இருப்பவர் என்று அந்த நிரைகளில் இருப்பது ஆட்களின் வாழ்க்கை. அவர்கள் நம்பிக் கொடுத்த விபரம் அது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத வேலை இது.

செய்யும் முறை எளிது. பெயர், அடையாள அட்டை, தொலைபேசி, முகவரி நிரல்களை வேறு ஷீட்டுக்கு மாற்றி, குறியீட்டு இலக்கத்தை மட்டும் வைத்திருங்கள். சிறிய ஊரில் "ஐந்து பிள்ளைகள் உள்ள, தையல் செய்கிற விதவை" என்றாலே யாரென்று தெரிந்துவிடும், ஆகவே அப்படியான சேர்மானங்களையும் கவனியுங்கள். சூத்திரம் கேட்க உண்மைத் தரவே தேவையில்லை. நிரல் தலைப்பும், நீங்களே கற்பனையில் எழுதிய மூன்று நிரையும் போதும். கருவியின் அமைப்புகளில், உங்கள் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தெரிவு இருந்தால் அதை நிறுத்திவையுங்கள். அலுவலகக் கோப்பு என்றால் மேலதிகாரியிடம் கேட்காமல் எந்த இணையக் கருவியிலும் ஏற்ற வேண்டாம்.

எட்டாவது: எண்ணுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்

ஒரு முறை பயிற்சி வருகைப் பதிவு ஒன்றைப் பார்த்தோம். படுவான்கரைப் பக்கப் பெண்களின் வருகை சில வாரங்களில் பாதியாக விழுந்திருந்தது. ஏஐயிடம் காரணம் கேட்டால் ஆர்வக் குறைவு, விழிப்புணர்வு இல்லாமை என்று எழுதும். அதுவும் வாசிக்க நியாயமாகத்தான் இருக்கும். உண்மை என்னவென்றால், விழுந்த வாரங்கள் அறுவடை வாரங்கள். மற்றது, பயிற்சி முடியும் நேரத்துக்குப் பிறகு வாவியைக் கடக்கக் கடைசிப் பாதை (ஆட்களை ஏற்றும் படகு) போய்விடுகிறது. நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்தபோது ஆட்கள் திரும்ப வந்தார்கள்.

ஒரு எண் வித்தியாசமாக இருந்தால் உடனே அறிக்கை எழுதாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அந்த ஊரில் ஓர் அக்காவிடம் கதையுங்கள். வட கீழ்ப் பருவமழை எப்போது வந்தது, சந்தை எந்த நாள், பாடசாலைப் பரீட்சை எப்போது, திருவிழா எப்போது, நோன்பு எப்போது என்று பாருங்கள். இதையெல்லாம் அறிக்கையில் ஒரு வரி விளக்கமாக எழுதுகிற பிள்ளையை எந்த அலுவலகமும் இலகுவில் விடாது.

ஒன்பதாவது: படிப்பும் சான்றிதழும்

இதில் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டப்படிப்புக்குப் போகக்கூடியவர்களுக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். மற்றவர்களுக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழி இருக்கிறது. மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தனியார் நிறுவனம் என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, எந்த மட்டச் சான்றிதழ் தருவார்கள் என்று காசு கட்ட முன் எழுத்தில் கேளுங்கள். "ஒரு மாதத்தில் ஏஐ நிபுணர்" என்ற சுவரொட்டிக்குப் பெற்றோரின் காசைக் கொடுக்க வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசப் பாடநெறிகள் நடத்துகிறது. கேகிள் தளத்தில் தரவு வேலைக்கான கணினி மொழிகளான பைத்தனும் எஸ்கியூஎல்லும் சிறு பாடங்களாக இலவசமாக இருக்கின்றன. எக்செல் கை வந்த பிறகு அங்கே போங்கள், அதற்கு முன் போனால் பயந்துவிடுவீர்கள்.

ஆங்கிலம் பற்றிக் கேட்பார்கள். தேவைதான். ஆனால் காத்திருக்கத் தேவையில்லை. நிரல் தலைப்புகள், மென்பொருள் கட்டளைகள், பிழைச் செய்திகள் என்று ஒரு நூறு சொல் முதலில் போதும். பிழைச் செய்தியை ஏஐயிடம் கொடுத்துத் தமிழில் விளக்கச் சொல்லலாம். அது இந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

பத்தாவது: காட்டுவதற்கு மூன்று வேலை

வேலை தேடப் போகும்போது "எக்செல் தெரியும்" என்று சுயவிபரக் கோவையில் எழுதுவதை விட, செய்ததைக் காட்டுங்கள். கூகுள் டிரைவில் ஒரு கோப்புறை திறந்து மூன்று வேலை வையுங்கள். ஒன்று, நீங்கள் முதல் வாரத்தில் எடுத்த கொப்பி, பெயர்களை நீக்கி, துப்புரவாக்கி, மாத வாரிச் சுருக்கத்தோடு. இரண்டு, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் மாவட்டத் தரவிலிருந்து ஒரு கேள்விக்கு விடை. எடுத்துக்காட்டாக, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்போகமும் சிறுபோகமும் நெல் விளைச்சலில் எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கலாம். மூன்று, நீங்களே கேள்வி எழுதி, இருபது பேரிடம் சம்மதம் கேட்டுச் சேர்த்த ஒரு சிறு கோபோ கணக்கெடுப்பு.

ஒவ்வொன்றோடும் ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்: தரவு எங்கிருந்து வந்தது, என்னென்ன பிழை கண்டேன், எப்படித் திருத்தினேன், ஏஐயை எந்த இடத்தில் பயன்படுத்தினேன், அது தந்ததை எப்படிச் சரிபார்த்தேன், இன்னும் எது உறுதியில்லை. ஏஐ பயன்படுத்தியதை மறைக்க வேண்டாம். நேர்முகத் தேர்வில் அதைத் தெளிவாகச் சொல்லத் தெரிவதே ஒரு தகுதி.

இணையத்தில் தரவு வேலை தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வந்து, சிறு வேலைக்குக் கொஞ்சம் காசு போட்டுக் காட்டி, பிறகு "அடுத்த கட்டத்துக்கு" உங்களிடம் வைப்புப் பணம் கேட்டால் அது மோசடி. வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார். வங்கி ஓடிபி கேட்டால் உரையாடலை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் இரண்டாவது முதல் நான்காவது படி வரை ஆறு வாரம் எடுக்கும், ஏஐயும் கோபோவும் இன்னும் நான்கு வாரம், மூன்று வேலைகளையும் முடிக்க மேலும் ஆறு வாரம். இருவராகச் சேர்ந்து பழகினால் நல்லது. ஒருவர் துப்புரவாக்கிய பட்டியலை மற்றவர் பிழை பார்க்கலாம்.

செங்கலடித் தங்கச்சி 371 என்ற எண்ணோடும், நீக்கிய 41 நிரைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிய ஒரு ஷீட்டோடும் அலுவலகத்துக்குப் போனார். அந்த இரண்டாவது ஷீட்டைத்தான் மேலதிகாரி கூடுதல் நேரம் பார்த்தாராம். நீங்களும் இன்று கொப்பியைத் திறக்கும்போது, முதல் ஷீட்டுக்குப் பக்கத்தில் "திருத்தங்கள்" என்று இரண்டாவது ஷீட் ஒன்றைத் திறந்துவையுங்கள். திகதி, எந்த நிரை, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, ஏன் மாற்றினேன் என்று ஐந்து நிரல்.